விண்டோஸ் 11 ஏறாத கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் கணினிப் பக்கத்தில் பண்டாரவளை வாசகர் ஒருவர், தன் கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். போர்மட் பண்ணி விண்டோஸை மறுபடி போடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளை என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் கிடைக்கிற பதில் இதுதான். சில நேரம் அதில் கணினி சரியாகியும் விடும். ஆனால் ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது, கொஞ்ச நாளில் அதே கணினி அதே கடைக்குத் திரும்பி வருகிறது, அதில் இருந்த படங்களும் பிள்ளைகளின் ஒப்படைகளும் போனதுதான் மிச்சம். ஏன் நின்றாய் என்று அந்தக் கணினியிடமே கேட்க வழி இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகளுக்குத் தேவையான பழைய கணினிகளை இப்போது மலையகம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துக்கட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

இயங்குதளத்தின் உள்ளே எல்லாவற்றையும் நடத்துகிற பகுதிக்குக் கேர்னல் என்று பெயர். மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது, டிஸ்க்கில் எழுதுவது, நெட்வேர்க், கீபோர்ட் எல்லாம் அதன் பொறுப்பு. சாதாரண புரோகிராம் ஒன்று குழம்பினால் கேர்னல் அதை மூடிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து ஓட்டும். கேர்னலே குழம்பினால் அதை மூடுவதற்கு மேலே யாரும் இல்லை, கணினி நிற்கிறது. விண்டோஸில் அது நீலத் திரை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் பெனிக். அந்த இடத்தில் உள்ளே போய், எந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது, எந்த டிரைவர் (கேர்னலோடு சேர்ந்து ஓடி ஒரு சாதனத்தையோ வேலையையோ கவனிக்கிற மென்பொருள்) எதைக் கூப்பிட்டது, மெமரியில் அப்போது என்ன இருந்தது என்று பார்க்க விடுகிற கருவிதான் கேர்னல் டிபக்கர்.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் கணினிகள் நீலத் திரையோடு நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் கோப்புதான் காரணம், சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. அந்த நிறுவனத்தின் டிரைவர் கேர்னலுக்குள் ஓடுகிறது. 21 தகவல்களை எதிர்பார்த்து எழுதப்பட்ட இடத்துக்கு 20 தகவல்கள்தான் வந்தன, 21ஆவதைப் படிக்கப் போய்த் தனக்கு உரிமையில்லாத மெமரிக்குள் கால் வைத்தது, கணினி விழுந்தது. விழுந்த நேரத்தில் மெமரியில் இருந்ததைப் பதிந்து வைக்கிற டம்ப் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு எந்த டிரைவர், எந்த இடத்தில் விழுந்தது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தீர்வு என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. போர்மட் பண்ணியவர்கள் தேவையில்லாமல் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

சரி, பண்டாரவளை வாசகருக்கு முதலில் ஒரு நேரடிப் பதில். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்று ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு நீலத் திரைக்கும் அங்கே ஒரு சின்னக் கோப்பு இருக்கும். மைக்ரோசொப்ட் இலவசமாகக் கொடுக்கிற விண்டிபக் மென்பொருளில் அதைத் திறந்து அனலைஸ் கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலும் சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயரைச் சொல்லிவிடும். முதல் தடவை இணையம் வேண்டும், மெமரி முகவரிகளுக்குப் பெயர் சொல்கிற சிம்பல் கோப்புகளை இறக்கிக்கொள்ளும். மினிடம்ப் கோப்புறை வெறுமையாக இருந்தால், யாரோ ஒரு டெக்னீசியன் டிஸ்க்கில் இடம் பிடிக்கிறது என்று பேஜ் கோப்பை (மெமரிக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கிற கோப்பு) நிறுத்தி வைத்திருக்கலாம். பேஜ் கோப்பு இல்லாவிட்டால் டம்ப் எழுத இடமில்லை. அதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த தடவை விழும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் காரணம் தெரியவில்லை என்றால் போர்மட் பற்றி யோசிக்கலாம்.

டம்ப் பார்ப்பது விழுந்த பிறகு பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கிற கேர்னலை நாமே நிறுத்தி உள்ளே பார்ப்பது வேறு, கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பிஐடி பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் இவற்றில் சேர்ந்து படிக்கிறார்கள். பாடத்தில் புரொசஸ், மெமரி மேனேஜ்மென்ட், இன்டரப்ட் எல்லாம் வருகிறது, படம் வரைந்து மார்க்கும் எடுக்கிறார்கள், ஆனால் உண்மையான கேர்னல் ஒன்றுக்குள் இவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. என்னிடம் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியது டிபக்கரின் கட்டளைகள் இல்லை. அதன் வாசலுக்கே போய்ச் சேர முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டியைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள், கணினி உறைந்து நிற்கிறது, அல்லது ஒன்றுமே நடக்காமல் இருக்கிறது, எங்கே தடை என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. அந்தத் தடைகள் எண்ணிச் சொல்லக்கூடிய சில்லறை விஷயங்கள். தமிழில் யாராவது ஒரு தடவை எழுதி வைத்தால் போதும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, டிபக்கர் கேர்னலை நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பது. நம் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே மெயின் ஷாஃப்ட்டில் பட்டி போட்டு ரோலர் முழுக்க ஓடும், ஷாஃப்ட் நின்றால் அதில் மாட்டியிருக்கிற எல்லாம் நிற்கும். கேர்னல் நின்றாலும் அப்படித்தான், யூஎஸ்பி கீபோர்ட் இல்லை, மவுஸ் இல்லை, வைஃபை இல்லை, திரையை மாற்றி வரைகிற டிரைவரும் இல்லை. அப்படியானால் டிபக்கரோடு எப்படிப் பேசுவது? மிக எளிமையான, யாருடைய உதவியும் இல்லாமல் டிபக்கரே நேரடியாகக் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வழி வேண்டும். அதுதான் கணினியின் பின்பக்கம் 9 ஊசியோடு இருக்கிற சீரியல் போர்ட். இந்த ஒரு போர்ட்டுக்காகத்தான் பழைய கணினிகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். இப்போது வருகிற சாதாரண லெப்டொப்களில் அது கிடையாது.

யூஎஸ்பி சீரியல் மாற்றி வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். பார்க்கிற கணினியில் போதும், பார்க்கப்படுகிற கணினியில் போதாது. பார்க்கப்படுகிற பக்கத்தில் யூஎஸ்பி முழுக்க நின்றுபோயிருக்கும், மாற்றி வேலை செய்யாது. ஆகவே ஒரு பழைய டெஸ்க்டொப், அதைப் பார்க்க மாற்றியோடு ஏதாவது ஒரு லெப்டொப், இரண்டுக்கும் நடுவே ஒரு நல்மோடம் கேபிள். இவ்வளவுதான் ஆய்வுகூடம். சில மதர்போர்ட்களில் பின்பக்கம் போர்ட் இருக்காது, ஆனால் போர்டிலேயே கொம் என்று எழுதிய ஊசிகள் இருக்கும், சின்ன பிராக்கெட் கேபிள் ஒன்று போட்டால் வெளியே கொண்டுவரலாம். அந்த பிராக்கெட்டில் இரண்டு வித வயரிங் இருக்கிறது, மாறினால் வேலை செய்யாது, வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

கேபிள்தான் ஆகப் பெரிய ஏமாற்றுக்காரன். நேர் கேபிளும் நல்மோடம் கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது 2ஆம் ஊசியும் 3ஆம் ஊசியும் குறுக்கே மாறி, 5ஆவது நேராகப் போகிற கேபிள். மூன்று வயர் போதும், கையாலேயே ஈயம் வைத்துச் செய்யலாம். சந்தேகம் வந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் 2ஐயும் 3ஐயும் ஒரு துண்டு வயரால் தொடுத்துவிட்டு டைப் பண்ணிப் பாருங்கள். தட்டிய எழுத்து உங்களுக்கே திரும்பி வந்தால் அந்தப் பக்கம் சரி. இரண்டு பக்கமும் இப்படிப் பார்த்துவிட்டால் மிச்சம் கேபிள்தான். எழுத்துக்குப் பதிலாகக் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை, இரண்டு பக்கமும் 115200 என்று வையுங்கள். சீரியல் வழியாகத் தட்டவும் பார்க்கவும் மினிகொம் என்ற மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது ஹார்ட்வெயார் ஃப்ளோ கொன்ட்ரோல் (அனுப்பலாமா என்று தனி வயர்களில் கேட்டுக்கொள்வது) போட்ட நிலையில்தான் வரும். மூன்று வயர் கேபிளில் அது இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருவது தெரியும், நீங்கள் தட்டுவது போகாது. இதில் மாட்டிக்கொண்டு டிபக்கரே கெட்டது என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. அதை நிறுத்துங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டில் போர்ட்டைத் திறக்கவே அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு வெளியே போய் மறுபடி லொக்இன் ஆகுங்கள். பயோஸில் சீரியல் போர்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கேர்னல் பக்கம். லினக்ஸில் கேஜிடிபி, கேடிபி என்று இரண்டு கேர்னல் டிபக்கர்கள். கேஜிடிபி 2008இல் 2.6.26 பதிப்போடு உள்ளே வந்தது, மற்றொரு கணினியில் ஜிடிபி என்ற டிபக்கரை ஓட்டி அதன் வழியாகப் பார்ப்பது அது. கேடிபி 2010இல் 2.6.35 பதிப்போடு வந்தது, அதில் சீரியல் வழியாக நேரே கட்டளை தட்டலாம், ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் இலகு. உங்கள் கேர்னலில் இவை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பூட் கோப்புறைக்குள் கொன்ஃபிக் என்று ஆரம்பிக்கிற கோப்பில் தேடினால் தெரியும். கட்டப்படாவிட்டால் என்ன செய்தாலும் பயனில்லை, வேறு கேர்னல் போட வேண்டும். இருந்தால், பூட் வரியில் (கேர்னல் ஏறும்போது அதற்குக் கொடுக்கிற கட்டளை வரி) கேஜிடிபிஓசி என்ற அளபுருவுக்கு முதல் சீரியல் போர்ட்டின் பெயரையும் வேகத்தையும் கொடுக்க வேண்டும். பூட் ஆன பிறகு கேர்னல் செய்திகளில் கேஜிடிபி தன் டிரைவரைப் பதிவு செய்துகொண்டது என்று ஒரு வரி வந்திருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் மேலே போகாதீர்கள். இல்லையென்றால் போர்ட் பெயர் பிழை, அல்லது அந்தப் போர்ட்டை ஓட்டுகிற டிரைவருக்கு நின்ற நிலையில் எழுத்து வாங்கத் தெரியாது.

இப்போது உள்ளே போவது. கேர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கிற சிஸ்ஆர்க்யூ விசையோடு ஜி எழுத்தை அழுத்த வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். உபுண்டுவில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. காரணம், அங்கே சிஸ்ஆர்க்யூவுக்கு வழக்கமாக வைத்திருக்கிற எண் 176. அது 128, 32, 16 மூன்றையும் கூட்டி வருவது. டிபக்கருக்குள் போக அனுமதிக்கிற 8 அதில் இல்லை. எண்ணை மாற்றலாம், அல்லது ரூட் பயனராக ப்ரொக் கோப்புறைக்குள் இருக்கிற சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் ஜி என்று எழுதலாம். அந்த எண் கீபோர்ட், சீரியல் வழியாக வருவதை மட்டுமே தடுக்கும், இந்த வழியைத் தடுக்காது. எண்ணைத் திறந்துவிட்டால், அந்த சீரியல் போர்ட் கேர்னலின் கொன்சோலாகவும் இருந்தால், சீரியல் வழியாகவும் கூப்பிடலாம், பிரேக் சிக்னல் ஒன்று அனுப்பிவிட்டு உடனே ஜி தட்ட வேண்டும், மினிகொமில் கொன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்.

இதில்தான் அதிகம் பேர் பயந்துபோகிறார்கள். உள்ளே போனதும் கணினியின் திரை அப்படியே உறைந்துவிடும். மவுஸ் அசையாது, கடிகாரம் நிற்கும். கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். கெடவில்லை, அந்த நேரம் அது உங்கள் கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அடையாளம் மற்ற லெப்டொப்பின் சீரியல் ஜன்னலில் வந்து நிற்கும். பிடி என்று தட்டினால் எந்த வழியாக இங்கே வந்தது என்ற வரிசை வரும், பிஎஸ் தட்டினால் புரொசஸ்கள், எல்எஸ்மொட் தட்டினால் ஏற்றியிருக்கிற மொடியூல்கள், கோ தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். கோ என்ற இரண்டெழுத்துக் கட்டளையை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது தெரிந்தால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும். சீரியல் இல்லாமல் அதே கணினியின் கீபோர்டாலேயே கேடிபியைப் பாவிக்கலாம்தான், ஆனால் பழைய வட்ட பிளக் பிஎஸ் 2 கீபோர்ட் வேண்டும். யூஎஸ்பி கீபோர்டால் உள்ளே போகலாம், போன பிறகு அதில் தட்டுவது கேட்காது, வெளியே வர வழியில்லாமல் பவரை நிறுத்த வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு தடை. கேர்னல் பெனிக் ஆனால் இத்தனை விநாடியில் தானாக ரீபூட் ஆகு என்று சிலர் வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருந்தால் பெனிக் வரும்போது டிபக்கர் நமக்காக நிற்காது, கணினி போய்விடும். அந்த எண்ணைப் பூச்சியம் ஆக்குங்கள். மற்றது செக்கியோர் பூட், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுகிற காவல். அது போட்டிருந்தால் பல லினக்ஸ் வெளியீடுகள் கேர்னலை லொக்டவுன் என்ற பூட்டிய நிலையில் வைக்கின்றன. 2022இல் வந்த 5.19 பதிப்பிலிருந்து கேடிபியும் இதற்குக் கட்டுப்படுகிறது, மெமரியை மாற்றுகிற கட்டளைகள் மறுக்கப்படும், கடுமையான நிலையில் படிக்கவும் விடாது. இது பிழை இல்லை, நியாயமான காவல். கேர்னல் டிபக்கருக்குள் போனவர் அந்தக் கணினியில் எதையும் செய்யலாம், பாஸ்வேர்ட் தேவையில்லை. ஆகவே காரியாலயக் கணினியிலோ வீட்டில் எல்லோரும் பாவிக்கிற கணினியிலோ இதைத் திறந்து வைக்கவே கூடாது. படிப்பதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய கணினியில் செக்கியோர் பூட்டை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பழைய கணினியைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸில் இன்னொரு வசதி உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஈதர்நெட் கேபிள் வழியாகவே கேர்னல் டிபக் பண்ணலாம், கேடிநெட் என்று பெயர். வைஃபையை நம்ப வேண்டாம். ரவுட்டரின் பின்பக்கமுள்ள லேன் போர்ட்களில் இரண்டு கணினியையும் கேபிளால் மாட்டினால் போதும், இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். எல்லா நெட்வேர்க் கார்டும் ஒத்துக்கொள்ளாது, கேடிநெட் புரோகிராமை வெறுமனே ஓட்டினால் உங்கள் கார்ட் சரிவருமா என்று அதுவே சொல்லும். பார்க்கிற பக்கத்தில் இணைப்பு வராமல் காத்துக்கொண்டே இருந்தால் பத்துக்கு எட்டுத் தடவை ஃபயர்வோல்தான் என்பது என் அனுபவம். விண்டிபக்கை பப்ளிக் நெட்வேர்க்கிலும் அனுமதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், போர்ட் எண்ணை 50000 என்று வைத்தால் போதும், கேடிநெட் கொடுத்த நீளமான சாவியை ஒரு எழுத்துப் பிசகாமல் அந்தப் பக்கம் போடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைப் பெரிய எழுத்தில் போட்டாலும் தகும். டிபக்கை ஆன் பண்ணப் போனால் செக்கியோர் பூட் இது பாதுகாக்கப்பட்டது என்று மறுக்கும். உடனே பயோஸில் போய் அதை நிறுத்துகிறார்கள். டிஸ்க்கை மறைகுறியிடுகிற பிட்லொக்கர் போட்டிருக்கிற கணினியாக இருந்தால் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். புதுக் கணினிகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் மறைகுறியிடப்பட்டு வருகிறது. சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே இருந்தது அத்தனையும் போச்சு. முதலில் சாவியை மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள், பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், பிறகு பயோஸைத் தொடுங்கள்.

லினக்ஸ் போல இன்னொரு இலவச இயங்குதளமான ஓபன் பிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் டிடிபி என்ற டிபக்கர் கேர்னலோடு சேர்ந்தே வருகிறது, எதையும் புதிதாகக் கட்டத் தேவையில்லை. பெனிக் ஆனால் தானாக அதற்குள் விழும். நாமாகப் போக கொன்சோல் அனுமதி வேண்டும், வழக்கமாக அது மூடியிருக்கும், கணினி முழுமையாக ஏறிய பிறகு செக்கியூர் லெவல் 1 என்ற பாதுகாப்பு நிலைக்கு வந்துவிடுவதால் மாற்றவும் விடாது. சிஸ்கன்ட்ரோல் கொன்ஃபிக் கோப்பில் எழுதிவிட்டு ரீபூட் செய்தால் திறக்கும். பிறகு கொன்ட்ரோல், ஒல்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து. எக்ஸ் என்ற வரைகலை ஜன்னல் முறை ஓடும்போது அழுத்தாதீர்கள், உள்ளே போய்விடும், திரையில் தெரியாது.

கணினிக்குள் மென்பொருளாலேயே ஓடுகிற இன்னொரு கணினியான வேர்ச்சுவல் மெஷினில் எல்லாவற்றையும் செய்யலாமே, பழைய இரும்பு எதற்கு என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெமரி போதுமான கணினி இருக்கிறவர்கள் அப்படியே ஆரம்பியுங்கள். கியூஎமு என்ற வேர்ச்சுவல் மெஷின் மென்பொருள் தன்னுள்ளேயே ஜிடிபிக்கு 1234ஆம் போர்ட்டில் ஒரு வாசல் வைத்திருக்கிறது, சீரியல் தேவையே இல்லை. இந்த இடத்தில் நில் என்று பிரேக்பொயின்ட் போட்டும் நிற்கவில்லை என்றால் கேர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறு முகவரியில் ஏறுவதுதான் காரணம், நோகேஏஎஸ்எல்ஆர் என்று பூட் வரியில் சேர்த்துவிடுங்கள். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு புதுக் கணினி வாங்குவது லயத்து வீடுகளுக்கு எட்டாத விஷயமாகிவிட்டது, 4 ஜிபி மெமரியோடு இருக்கிற ஒன்றில் இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றி ஓட்டச் சொல்வது பிள்ளைகளை வதைப்பது. அதோடு வேர்ச்சுவல் மெஷினில் இருக்கிற வன்பொருள் எல்லாம் மென்பொருள் போலியாகக் காட்டுகிற சுத்தமான வன்பொருள். நம் ஊர்க் கணினிகள் விழுகிற விதம் வேறு.

அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா, ஹப்புத்தளை பக்கம் மாதக்கணக்கில் மூட்டமும் ஈரமும். மெமரி கார்டின் தொடுவாய்களில் பச்சை பிடிக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடிக்கும், கரண்ட் போய்ப் போய் வரும், பவர் சப்ளையும் நெட்வேர்க் போர்ட்டும் அடி வாங்கும். டிபக்கர் இவற்றைச் சரிசெய்யாது. ஆனால் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே டிரைவரில், ஒரே இடத்தில் விழுந்தால் அந்த மென்பொருளைப் பாருங்கள். இன்றைக்கு டிஸ்க் பகுதியில், நாளைக்கு நெட்வேர்க்கில், அடுத்த நாள் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில் என்று விழுந்தால் முதலில் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள், பிறகு மெமரி சோதனை ஓட்டுங்கள், பிறகு பவர் சப்ளை. இதைத் தெரிந்த பொடியன் ஒருவன் மஸ்கெலியாவில் ஒரு கடையில் இருந்தால் அந்தப் பக்கத்துச் சனம் தேவையில்லாமல் மதர்போர்ட் மாற்றக் காசு கொடுக்காது.

ஆரம்பப் பிள்ளைகளுக்கு இது அதிகம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2000ஆம் ஆண்டில் தனக்கு டிபக்கர்கள் பிடிக்காது என்று எழுதினார், கேர்னலுக்குள் அதைச் சேர்க்கவும் அப்போது மறுத்தார். கோடைப் படித்துப் புரிந்துகொள், குறுக்கு வழி தேடாதே என்பது அவர் வாதத்தின் சாரம். கேர்னல் எழுதுகிறவர்களுக்கு அவர் சொன்னது சரியாக இருக்கலாம். படிக்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பிடி தட்டும்போது வருகிற அந்த வரிசையில், அதாவது பெக்ட்ரேஸில், ஒரு ஃபங்ஷனின் பெயரைப் பார்த்துவிட்டு அது என்ன என்று சோர்ஸ் கோடைத் தேடிப் போகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். கோடைப் படி என்று வெறுமனே சொன்னபோது அவர்கள் போகவில்லை.

கடைசியாகக் கணினிகள் விஷயம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். இதனால் பாடசாலைகளிலும் தோட்டக் காரியாலயங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இருந்த பழைய டெஸ்க்டொப்புகள் வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் பாவனைக்கு உதவாதவை என்று ஒதுக்கப்படுகின்றன, மழை படுகிற அறையில் அடுக்கப்படுகின்றன, பிறகு கிலோ கணக்கில் போகின்றன. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி கொம்பெக் மாதிரியான அந்தக் காரியாலயக் கணினிகளில் பலவற்றில்தான் சீரியல் போர்ட் இருக்கிறது, பிஎஸ் 2 கீபோர்ட் போர்ட்டும் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மை, லினக்ஸும் ஓபன் பிஎஸ்டியும் தாராளமாக ஏறும்.

ஆகவே அதிபர்களிடமும் தோட்ட முகாமையாளர்களிடமும் கேட்பது, ஒதுக்குவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 9 ஊசி போர்ட் இருக்கிற கணினிகளில் இரண்டையாவது எடுத்து, டிஸ்க்கில் இருக்கிற காரியாலயத் தகவல்களை முழுக்க அழித்துவிட்டு, உயர்தர மாணவர்கள் இருக்கிற பாடசாலையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். இணையத்தோடு இணைக்கத் தேவையில்லை. கல்வித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டு இதை இலகுவாக்கலாம், இப்போது ஒதுக்கிய பொருளை மாணவர்களுக்குக் கொடுக்க அதிபர்கள் பயப்படுகிறார்கள், கணக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று.

உங்களிடம் கேட்பது, கணினிப் பக்கத்தில் புதுப் போன்களின் விலைக்கு ஒதுக்குகிற இடத்தில் மாதம் ஒரு அரைப் பக்கத்தை இந்த மாதிரி விஷயங்களுக்குத் தாருங்கள். வாசகர்கள் தங்கள் டிபக்கர் எங்கே தடுக்கிறது, திரையில் என்ன வந்தது, எந்தக் கேபிள், எந்தப் பதிப்பு என்று எழுதட்டும். பதில் எழுத நான் தயார், ஹட்டனிலும் பதுளையிலும் இன்னும் சில ஆசிரியர்களும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பண்டாரவளை வாசகர் தன் மினிடம்ப் கோப்பில் வந்த டிரைவரின் பெயரை உங்கள் முகவரிக்கு அனுப்பினால் முதல் அரைப் பக்கத்தை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.